தோள் மிகைச்சுழற்சி (மென்பந்தாட்டம்)

இக்கட்டுரை சாஃப்ட்பால் என்று அறியப்படும் மென்பந்தாட்டத்தின் மட்டைவீச்சு பற்றியது. இலங்கையில் டென்னிஸ் பந்து கொண்டு ஆடப்படும் மென்பந்துத் துடுப்பாட்டம் வேறு விளையாட்டாகும்.

தோள் மிகைச்சுழற்சி என்பது மென்பந்தாட்டத்தில் மட்டையாளர் பந்தை அடிக்கும்போது அவரது தோள்கள் தேவைக்கு மேலாகவோ, உரிய நேரத்துக்கு முன்னதாகவோ திரும்பிவிடும் பிழையைக் குறிக்கும். மட்டை பிடிக்கத் தொடங்கும் சிறுவர் சிறுமியரிடம் பரவலாகக் காணப்படும் பிழைகளுள் இதுவும் ஒன்று. இதனால் மட்டை பந்தின் பாதையை விட்டு விரைவில் விலகுகிறது. தோளுடன் தலையும் திரும்பிவிடுவதால் பந்தின் மீதான பார்வை தவறுகிறது. அடியின் விசையும் குறைகிறது.

தோளைத் திருப்பாமல் அடிப்பது இதற்குத் தீர்வன்று. தோளின் சுழற்சி இல்லாமல் மட்டைக்கு வேகம் கிடைக்காது. முதலில் இடுப்பு, அடுத்துத் தோள், இறுதியில் கையும் மட்டையும் என்னும் வரிசை குலையாமல் சுழற்சி நிகழச் செய்வதே பயிற்சியின் நோக்கமாகும். எனவே இப்பிழை அளவைப் பற்றியது என்பதைவிட வரிசையையும் நேரத்தையும் பற்றியது எனலாம்.

இக்கட்டுரையில் வலக்கை மட்டையாளரே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறார். அவருக்குப் பந்தெறிவாளரை நோக்கியிருக்கும் இடத்தோள் முன்தோள் ஆகும். வலத்தோள் பின்தோள் ஆகும். இடக்கை மட்டையாளருக்கு இவை மாறி வரும்.

பின்னணி

மென்பந்தாட்டம் 1887 நவம்பர் 24 அன்று ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஃபாரகட் படகுக் கழகத்தின் கட்டடத்துக்குள் தோன்றியது. ஜார்ஜ் ஹான்காக் என்பவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும், துடைப்பக் கழியை மட்டையாகவும் கொண்டு இவ்வாட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடிபந்தாட்டத்தின் உள்ளரங்க வடிவமாகத் தொடங்கிய இது பின்னர்த் திறந்தவெளிக்கு வந்தது. சாஃப்ட்பால் என்னும் பெயரை 1926 இல் வால்ட்டர் ஹாக்கன்சன் முன்மொழிந்தார். பெண்களுக்கான மென்பந்தாட்டம் 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. பின்னர் 2021 இல் நடைபெற்ற தோக்கியோ 2020 போட்டியிலும் இடம்பெற்றது.

பெயரில் மென்மை இருந்தாலும் இன்றைய பந்து மென்மையானதன்று. முதிர்ந்தோர் ஆட்டத்தில் பயன்படும் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 30.5 செ.மீ (12 அங்குலம்). அதன் எடை 178 முதல் 198 கிராம் வரை இருக்கும். மட்டை 86.4 செ.மீ (34 அங்குலம்) நீளத்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். தளங்களுக்கு இடையேயான தொலைவு 18.29 மீ (60 அடி). பிட்சர் எனப்படும் பந்தெறிவாளர் கையைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து எறியாமல், இடுப்பருகே கீழிருந்து எறிகிறார். பெண்கள் ஆட்டத்தில் எறிதொலைவு 13.11 மீ (43 அடி). ஆண்கள் ஆட்டத்தில் 14.02 மீ (46 அடி). ஐக்கிய அமெரிக்காவில் 10 வயதுக்கு உட்பட்டோர் பொதுவாக 10.67 மீ (35 அடி) தொலைவிலிருந்து, 11 அங்குலச் சுற்றளவுள்ள சிறிய பந்தைக் கொண்டு ஆடுகின்றனர்.

எறிதொலைவு குறைவாக இருப்பதால் மட்டையாளருக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. பந்தெறிவாளர் முன்னோக்கி அடி வைத்துப் பந்தை விடுவிப்பதால், பெண்கள் ஆட்டத்தில் பந்து உண்மையில் ஏறத்தாழ 11.3 மீ தொலைவையே கடக்கிறது. மணிக்கு 100 கி.மீ வேகத்தில் வரும் பந்து இத்தொலைவைக் கடக்க 0.41 விநாடி ஆகும். அடிபந்தாட்டத்தில் மணிக்கு 145 கி.மீ வேகத்தில் எறியப்படும் பந்தும் ஏறத்தாழ இதே நேரத்தில்தான் மட்டையாளரை அடைகிறது. சிறுவர் ஆட்டத்தில் மணிக்கு 60 கி.மீ வேகத்தில் வரும் பந்துக்கு அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இந்நேரத்துக்குள் பந்தைக் கண்டு, அடிப்பதா விடுவதா என முடிவெடுத்து, மட்டையை வீசி முடிக்க வேண்டும். தோளைத் தேவைக்கு மேல் பின்னே கொண்டுபோய் மீட்டு வருவதற்கு இதில் இடமில்லை.

மட்டைவீச்சின் கட்டங்கள்

மிகைச்சுழற்சி எந்தக் கட்டத்தில் தோன்றுகிறது என்பதை அறிய மட்டைவீச்சின் கட்டங்களை அறிதல் வேண்டும்.

1. நிற்கும் நிலை: கால்கள் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இருக்கும். முழங்கால்கள் சிறிது மடங்கியிருக்கும். இரு கண்களும் பந்தெறிவாளரை நோக்கியிருக்கும்.
2. பின்வாங்கல்: உடல் எடையின் பெரும்பகுதி பின்காலுக்கு மாறும். கைகள் பின்தோள் அருகே செல்லும். முன்தோள் சிறிதளவே உள்நோக்கித் திரும்பும்.
3. முன்னடி: முன்கால் பந்தெறிவாளரை நோக்கிச் சிறிய அடி வைக்கும். கால் முன்னே செல்லும்போதும் கைகள் பின்னேயே நிற்கும்.
4. சுழற்சி: முன்குதிகால் ஊன்றியதும் இடுப்பு திரும்பத் தொடங்கும். தோள் அதைத் தொடரும். கையும் மட்டையும் இறுதியில் வரும்.
5. தொடுகை: மட்டை பந்தைத் தொடும் கணம். இது ஆயிரத்தில் ஒரு விநாடி அளவே நீடிக்கும்.
6. தொடர்வீச்சு: பந்து சென்றபின் மட்டை தன் வேகத்தில் சுற்றி முடியும். இக்கட்டத்தில் தோள்கள் முழுமையாகத் திரும்புவது இயல்பு, அது பிழையன்று.

பயிற்சி பெற்ற மட்டையாளரின் தாடை பின்வாங்கலின்போது முன்தோளின் மேல் இருக்கும். தொடர்வீச்சின் முடிவில் பின்தோளின் மேல் இருக்கும். தலை அசையாமல் நிற்க, தோள்கள் அதன் கீழே திரும்பிச் செல்கின்றன என்பதே இதன் பொருள்.

இயற்பியல் அடிப்படை

மட்டைவீச்சின் விசை கையில் பிறப்பதன்று. காலால் தரையை உந்துவதால் கிடைக்கும் விசை இடுப்புக்கும், அங்கிருந்து உடற்பகுதி வழியாகத் தோளுக்கும், பின் கைக்கும், இறுதியில் மட்டைக்கும் கடத்தப்படுகிறது. இவ்வொழுங்கு இயக்கச் சங்கிலி எனப்படும். சாட்டையை வீசும்போது கைப்பிடி முதலில் நகர்ந்து வேகம் தணிய, நுனி இறுதியில் மிகு வேகம் பெறுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கைப்பிடியும் நுனியும் ஒரே நேரத்தில் நகருமானால் அது சாட்டையாக இராது, கோலாகிவிடும்.

தொழில்முறை அடிபந்தாட்ட வீரர்களைக் கொண்டு செய்யப்பட்டு 1995 இல் வெளியான உயிர்விசையியல் ஆய்வு ஒன்றில் இவ்வரிசை அளக்கப்பட்டது. அதன்படி இடுப்பின் சுழற்சி தொடுகைக்கு 0.075 விநாடி முன்னர் உச்ச வேகத்தை அடைந்தது. அவ்வேகம் விநாடிக்கு 714 பாகை. தோளின் சுழற்சி தொடுகைக்கு 0.065 விநாடி முன்னர் விநாடிக்கு 937 பாகை என்னும் உச்சத்தை எட்டியது. இரு உச்சங்களுக்கும் இடையிலான வேறுபாடு நூறில் ஒரு விநாடி மட்டுமே. இந்தச் சிறு இடைவெளியில்தான் உடற்பகுதித் தசைகள் நீண்டு, பின் சுருங்கி, தோளுக்குக் கூடுதல் வேகம் தருகின்றன. தோள் இடுப்புடன் சேர்ந்தோ அதற்கு முன்போ திரும்பினால் இவ்விடைவெளி மறைந்துவிடுகிறது. மட்டையாளர் எவ்வளவு முயன்று சுழன்றாலும் அவ்வுழைப்பு பந்தைச் சென்றடைவதில்லை.

திசையும் இதே போன்று நுட்பமானது. விநாடிக்கு 1500 பாகை வேகத்தில் சுழலும் மட்டை, நூறில் ஒரு விநாடியில் 15 பாகை திரும்பிவிடும். பந்து செல்லும் திசை குறைந்தது அந்த அளவுக்கு மாறும். ஆட்டத்துக்குரிய எல்லைக்கோடுகள் தமக்குள் 90 பாகைக் கோணத்தை அமைக்கின்றன. அதாவது களத்தின் நடுவிலிருந்து இருபுறமும் 45 பாகை மட்டுமே உண்டு. ஆகையால் தோள் சற்று முந்தினாலே நல்ல அடி எல்லைக்கு வெளியே சென்று ஃபவுல் ஆகிவிடக்கூடும்.

வகைகள்

பின்வாங்கலில் மிகைச்சுழற்சி: முன்தோள் அளவுக்கு மீறி உள்ளே திரும்பி, மட்டையாளரின் முதுகு பந்தெறிவாளருக்குத் தெரியும் நிலை இது. தலையும் தோளுடன் திரும்புவதால் பின்கண்ணின் பார்வையை மூக்கு மறைக்கிறது. மட்டை நெடுந்தொலைவு சுற்றிவர வேண்டியிருப்பதால் வேகமான பந்துக்கு எப்போதும் தாமதமாகிறது.

முன்கூட்டித் திறத்தல்: முன்குதிகால் ஊன்றும் முன்பே முன்தோள் இடப்புறமாக விலகி, மார்பு பந்தெறிவாளரை நோக்கித் திறந்துவிடும் நிலை இது. மட்டை வெளிப்பக்கமாக வளைந்து, பந்தின் பாதையைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. இளையோரிடம் கூடுதலாகக் காணப்படுவது இவ்வகையே.

இவ்விரண்டும் பல நேரங்களில் ஒருவரிடமே சேர்ந்து காணப்படும். பின்னே அளவுக்கு மீறித் திரும்பியவர், தாமதத்தை ஈடுசெய்ய முன்னே அவசரமாகத் திறக்கிறார். அத்தகையோரிடம் இரண்டாவது பிழையை மட்டும் திருத்த முயல்வது பயன் தராது.

காரணங்கள்

தோள் ஏன் முந்துகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். காரணம் அறியாமல் ஒரே திருத்தத்தை அனைவருக்கும் கூறுவதே பயிற்சியில் நிகழும் பெரும் குறையாகும்.

கனமான மட்டை: மூத்தோர் பயன்படுத்திய மட்டையே பள்ளிகளில் இளையோருக்கும் கிடைக்கிறது. கையால் நகர்த்த முடியாத மட்டையைப் பிள்ளை தன் உடல் முழுவதையும் திருப்பி இழுக்கிறது. மட்டையைக் கையில் பிடித்து ஒரு கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி 15 முதல் 20 விநாடி வைத்திருக்க இயலுமா எனப் பார்ப்பது பயிற்றுநர்கள் கையாளும் எளிய சோதனையாகும்.

பந்தைக் கண்டு அஞ்சுதல்: ஒருமுறை பந்து பட்டு வலித்த பிள்ளை, அடுத்த பந்து வரும்போதே முன்காலை இடப்புறம் ஒதுக்கி வைக்கும். கால் ஒதுங்கினால் இடுப்பும், இடுப்பு ஒதுங்கினால் தோளும் ஒதுங்கும். இது நுட்பப் பிழை போலத் தோன்றினாலும் அச்சமே இதன் வேர். தோளைப் பற்றிப் பேசுவதால் இது மாறாது.

தொலைவுக்கு அடிக்கும் ஆசை: ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கு அப்பால் அனுப்ப எண்ணுபவர், பந்து வருமுன்பே சுழலத் தொடங்கிவிடுகிறார்.

தட்டிலிருந்து விலகி நிற்றல்: 43.2 செ.மீ (17 அங்குலம்) அகலமுள்ள இல்லத்தட்டின் வெளிவிளிம்பை மட்டை எட்டாத தொலைவில் நிற்பவர், வெளிப்பந்தை அடிக்க உடலைச் சாய்த்துச் சுழல நேரிடுகிறது.

பயிற்றுநரின் சொற்கள்: "இடுப்பைச் சுற்று", "இன்னும் வேகமாகத் திரும்பு" ஆகிய அறிவுரைகளைக் கேட்கும் பிள்ளை, இடுப்பை மட்டும் தனியே திருப்ப அறியாது. உடல் முழுவதையும் ஒரே கட்டையாகத் திருப்பிவிடும்.

துடுப்பாட்டப் பழக்கம்: கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்தில் தரையில் குத்தி எழும் பந்தைக் காலடிப் பக்கமாக இழுத்து அடிக்கும் பழக்கம், தரையில் படாமல் வரும் மென்பந்துக்கும் தொடர்வதுண்டு.

அடையாளங்கள்

மேற்கூறிய நூறில் ஒரு விநாடி வேறுபாட்டை வெறும் கண்ணால் காண இயலாது. விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண நிகழ்படத்திலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 0.033 விநாடி கடந்துவிடும். விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசிகளில் இவ்விடைவெளி 0.004 விநாடியாகக் குறைவதால், தோளும் இடுப்பும் தனித்தனியே திரும்புவதை ஓரளவு காணலாம்.

கருவி ஏதும் இல்லாத இடத்திலும் பின்வரும் அடையாளங்களால் பிழையைக் கண்டறியலாம்.

* பந்தெறிவாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது, பின்வாங்கலில் மட்டையாளரின் சட்டை முதுகிலுள்ள எண் முழுமையாகத் தெரிதல்.
* முன்கால் ஊன்றும் முன்பே சட்டையின் மார்புப் பகுதி தெரிதல்.
* தொடுகையின்போது தாடை முன்தோளுடன் சேர்ந்து இடப்புறம் திரும்பியிருத்தல்.
* வீச்சு முடிந்ததும் நிலைதடுமாறி, முன்கால் இடப்புறம் நகர்தல்.
* முன்காலின் அடித்தடம் பந்தெறிவாளரை நோக்கி இராமல் மூன்றாம் தளத்தின் பக்கம் விலகியிருத்தல்.

இவை அனைத்தையும்விட நம்பத்தகுந்த சான்று பந்து சென்ற திசையே. வெளிப்பந்துகள் தொடர்ந்து ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் தளம் ஆகிய இடங்களை நோக்கித் தரையில் மெதுவாக உருண்டால் தோள் முந்துகிறது எனக் கொள்ளலாம். உள்பந்துகள் நல்ல விசையுடன் அடிக்கப்பட்டும் இடக்களக் கோட்டுக்கு வெளியே சென்றால் அதுவும் இப்பிழையையே காட்டும். மாறாக, பந்துகள் எல்லாம் வலப்புறமே சென்றால் பிழை வேறு. பெரும்பாலும் அது தாமதமாகும்.

விளைவுகள்

தோள் முந்தும் மட்டையாளரால் தட்டின் வெளிவிளிம்பில் வரும் பந்தை உறுதியாக அடிக்க முடிவதில்லை. எதிரணிப் பந்தெறிவாளர் இதனை ஓரிரு முறையில் அறிந்துகொண்டு, அடுத்து வெளிப்பந்துகளையே எறிவார். வேகம் குறைத்து ஏமாற்றி எறியப்படும் பந்துக்கும் இவர் எளிதில் ஏமாறுவார். தோளை ஏற்கெனவே திறந்துவிட்டதால் காத்திருந்து அடிக்க அவரிடம் மீதி ஏதும் இராது.

சிறுவர் ஆட்டத்தில் வேறொரு இடர் உள்ளது. எறிவேகம் குறைவாக இருக்கும் வயதில், உயரமும் வலுவும் உள்ள பிள்ளைகள் இப்பிழையுடனேயே நன்றாக அடிப்பர். அடி விழுவதால் திருத்தமும் நடவாது. பின்னர் உயர் வயதுப் பிரிவில் வேகமான, இருபுறமும் விலகும் பந்துகளைச் சந்திக்கும்போது அவர்கள் திடீரெனத் திறன் குன்றியவர் போலத் தோன்றுவர். பிள்ளை ஆட்டத்தை விட்டு விலகுவதற்கும் இது காரணமாகலாம்.

உடல்நலம்

தவறிய வீச்சின்போது முன்தோளின் பின்பகுதி மிகுந்த இழுவிசைக்கு உட்படுகிறது. பந்தில் படாத மட்டையின் வேகத்தை உடலே தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதே இதன் காரணம். இதனால் தோள்மூட்டின் பின்புற விளிம்புக் குருத்தெலும்பில் ஏற்படும் காயத்தை மருத்துவர்கள் "மட்டையாளர் தோள்" என அழைக்கின்றனர். எட்டாத வெளிப்பந்தை எட்டி வீசித் தவறவிடுவது இக்காயத்துடன் தொடர்புடையது. கீழ்முதுகைத் திரும்பத் திரும்ப முறுக்குவதும் வளரும் வயதினருக்கு ஏற்றதன்று. தோளிலோ கீழ்முதுகிலோ வலி இருப்பதாகக் கூறும் பிள்ளையைத் தொடர்ந்து மட்டை வீசச் செய்யாமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

பயிற்சி முறைகள்

பயிற்சி எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும். பந்தில்லா வீச்சு, தாங்கியில் வைத்த பந்து, அருகிலிருந்து மெதுவாக இடும் பந்து, முன்னிருந்து எறியும் பந்து, ஆட்டத்தில் வரும் பந்து என்பது வழக்கமான வரிசை. ஒரு படியில் பத்து வீச்சுகளில் ஏழு எட்டு சரியாக அமைந்தபின் அடுத்த படிக்குச் செல்லலாம். எட்டு முதல் பத்து வீச்சுகள் கொண்ட தொகுதிகளுக்கு இடையே ஓய்வு அளித்தல் நன்று. களைத்த உடல் மீண்டும் பழைய பிழைக்கே திரும்பும்.

இடுப்பைப் பிரித்தறியும் பயிற்சி
மட்டையை மார்பின் குறுக்கே வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முன்னடி வைத்து, மட்டையின் முனை அசையாமல் இடுப்பை மட்டும் திருப்பத் தொடங்க வேண்டும். பின்னரே தோளைத் திரும்ப விட வேண்டும். முதலில் மெதுவாகவும், பழகியபின் வேகமாகவும் செய்யலாம். உடலைக் கட்டையாகத் திருப்பும் பிள்ளைக்கு இது பொருந்தும்.

வெளிப்பந்துத் தாங்கிப் பயிற்சி
பந்தைத் தாங்கியின் மேல், தட்டின் வெளிவிளிம்புக்கு நேராகவும் முன்காலுக்குச் சற்றுப் பின்னாகவும் வைத்து, வலக்களத்தை நோக்கி அடிக்கச் செய்தல். தோள் முந்தினால் பந்து அங்கே போகாது. பயிற்றுநர் ஏதும் கூறாமலே பந்து சென்ற திசை பிழையைக் காட்டிக் கொடுக்கும். இப்பிழைக்கான பயிற்சிகளுள் அடிப்படையானது இதுவே.

இரு பந்துப் பயிற்சி
முதல் தாங்கிக்கு முன்னே, அடிக்க வேண்டிய திசையில், ஏறத்தாழ ஓரடி தொலைவில் மற்றொரு தாங்கியை வைத்தல். ஒரே வீச்சில் இரு பந்துகளையும் தொட முயல வேண்டும். தோளைத் திறந்து குறுக்கே வெட்டும் மட்டை இரண்டாவது பந்தைத் தவறவிடும்.

தொடுகையில் நிறுத்தும் பயிற்சி
மெதுவாக வீசி, பந்தைத் தொடும் இடத்தில் மட்டையை நிறுத்தி, தலை, தோள், கை, முன்கால் ஆகியவற்றின் நிலையைத் தாமே பார்த்துக்கொள்ளுதல். முழு வேகத்தில் இதனைச் செய்தல் கூடாது. மணிக்கட்டும் தோளும் காயமுறும்.

வண்ணம் கூறும் பயிற்சி
பந்துகளில் சிவப்பு, நீலம் முதலிய வண்ணப் புள்ளிகளை இட்டு எறிதல். மட்டையாளர் அடிக்கும் முன் வண்ணத்தைக் கூற வேண்டும். பந்தைக் கடைசிவரை காண விரும்பும் தலை தானாகவே அசையாமல் நிற்கும். தலை நின்றால் தோளும் முந்தாது.

கோட்டுப் பயிற்சி
முன்காலின் பெருவிரலிலிருந்து பந்தெறிவாளரை நோக்கிச் சுண்ணாம்பால் ஒரு கோடு வரைந்து, முன்னடி அக்கோட்டின் மீதே விழுமாறு செய்தல். அச்சத்தால் காலை ஒதுக்குபவருக்கு முதலில் டென்னிஸ் பந்து கொண்டும், பின்னர் மென்மையான பயிற்சிப் பந்து கொண்டும் இதனைச் செய்ய வேண்டும். தன்மீது வரும் பந்திலிருந்து தோளை உள்ளே மடித்து, முதுகைக் காட்டி விலகும் முறையையும் கற்பித்தல் இன்றியமையாதது. தப்பிக்கும் வழி தெரிந்த பிள்ளையே அஞ்சாமல் நிற்கும்.

எண் மறைக்கும் பயிற்சி
பின்வாங்கலில் மிகையாகத் திரும்புபவருக்கு உரியது. பந்தெறிவாளர் இடத்தில் மற்றொரு பிள்ளையை நிறுத்தி, சட்டை முதுகின் எண் முழுமையாகத் தெரிந்தவுடன் குரல் கொடுக்கச் செய்தல். பிள்ளைகள் இதனை ஆட்டமாகவே எடுத்துக்கொள்வர்.

அறிவுரைச் சொற்கள்

உடலுறுப்பின் மீது கவனம் வைப்பதைவிட, செயலின் விளைவின் மீது கவனம் வைப்பது இயக்கத் திறன்களைக் கற்க உதவுகிறது என்பதை கப்ரியேல் வுல்ஃப் முதலியோர் 1990களின் இறுதியிலிருந்து வெளியிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. இதன்படி "தோளை மூடி வை" என்பதைவிட "இரண்டாம் தளத்தில் நிற்பவரின் தலைக்கு மேல் அடி" என்பது பயனுள்ள அறிவுரையாகும். இரண்டும் ஒரே திருத்தத்தையே வேண்டுகின்றன. ஆயினும் முன்னது பிள்ளையைத் தன் தோளைப் பற்றி எண்ணச் செய்கிறது. பின்னது பந்தைப் பற்றி எண்ணச் செய்கிறது.

ஒரு வேளையில் ஓர் அறிவுரை மட்டுமே கூற வேண்டும். ஆட்டத்தின் நடுவே நுட்பத் திருத்தம் கூறுவதைத் தவிர்த்தல் நல்லது. அரை விநாடிக்குள் பந்தைக் காண வேண்டியவர், அதே அரை விநாடிக்குள் தன் தோளையும் கண்காணிக்க இயலாது.

"தோளைத் திருப்பாதே" என்று தொடர்ந்து கூறப்பட்ட பிள்ளை, தோளை இறுக்கிக் கைகளால் மட்டும் தள்ளி அடிக்கப் பழகிவிடும். பந்து மட்டையில் படும், ஆனால் உள்களத்தைத் தாண்டாது. இது ஒரு பிழையைக் களைந்து மற்றொன்றை நட்டதற்கு ஒப்பாகும்.

மாற்றுக் கருத்துகள்

சுழற்சிக்கு எவ்வளவு இடம் தருவது என்பதில் அடிபந்தாட்டப் பயிற்றுநரிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உள்ளது. 1941 பருவத்தில் .406 என்னும் அடிவிகிதம் பெற்ற டெட் வில்லியம்சு, 1970களின் தொடக்கத்தில் வெளியான தம் நூலில் இடுப்புச் சுழற்சியை முதன்மைப்படுத்தினார். ஜார்ஜ் பிரெட் முதலியோருக்குப் பயிற்சியளித்த சார்லி லாவு, 1980 இல் வெளியிட்ட நூலில் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுவதை வலியுறுத்தினார். முன்னதைச் சுழற்சி முறை என்றும், பின்னதை நேர்கோட்டு முறை என்றும் பிரித்துக் கூறுவது வழக்கம்.

நடைமுறையில் சிறந்த மட்டையாளர்களிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. எடை முன்னே மாறுவது நேர்கோட்டு இயக்கம். முன்கால் ஊன்றியபின் நிகழ்வது சுழற்சி. தலை நிலையாக இருக்க வேண்டும், தோள் இடுப்புக்கு முந்தக் கூடாது ஆகிய இரண்டும் எந்த முறைக்கும் பொதுவானவை.

தோள் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரே கோணம் இல்லை. உள்பந்தை அடிக்கத் தோள் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும், வெளிப்பந்துக்குக் குறைவாக. ஆகவே உள்பந்தை அடித்த ஒரு படத்தைக் கண்டு மிகைச்சுழற்சி என முடிவு செய்தல் தவறாகும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் மென்பந்தாட்டத்தை இந்திய மென்பந்தாட்டச் சங்கம் நடத்தி வருகிறது. இளையோர், மூத்தோர் பிரிவுகளில் தேசியப் போட்டிகள் நடைபெறுகின்றன. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளிலும் இவ்வாட்டம் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டுக்கு மாநிலச் சங்கம் உண்டு.

இங்கு மென்பந்தாட்டத்துக்கு வரும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் பந்துத் துடுப்பாட்டம் ஆடிப் பழகியவர்கள். ஓசூர் போன்ற தொழில் நகரின் குடியிருப்புகளாயினும், அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் போன்ற கர்நாடக எல்லையோர மலைப்பகுதி ஊர்களாயினும், பிள்ளைகள் முதலில் பிடிக்கும் மட்டை துடுப்பாட்ட மட்டையே ஆகும். அப்பழக்கத்தில் நன்மையும் உண்டு. நேர்மட்டையால் தடுத்தாடக் கற்ற பிள்ளை, முன்தோளைப் பந்தை நோக்கி வைத்துத் தலையை அசைக்காமல் நிற்க ஏற்கெனவே அறிந்திருக்கும். "நேராக ஆடும்போது நின்றது போல் நில்" என்னும் ஒரு சொல், தோளைப் பற்றிய நீண்ட விளக்கத்தைவிட அதற்கு விரைவில் விளங்கும். இழுத்தடிக்கும் பழக்கம் மட்டுமே மாற்றப்பட வேண்டியது.

எல்லையோரப் பகுதிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகள் கலந்து வழங்குகின்றன. ஒரே அணியில் வெவ்வேறு வீட்டுமொழி உடைய பிள்ளைகள் இருக்கும்போது, சொல்லால் விளக்குவதைவிடக் கோடு, தாங்கி, இலக்கு ஆகியவற்றால் உணர்த்தும் பயிற்சிகள் கூடுதல் பயன் தரும்.

கருவிகளின் விலையும் ஒரு தடையாகும். பந்துத் தாங்கியைப் பிவிசி குழாயையும், அதன் மேல்முனையில் செருகிய பழைய மிதிவண்டி டியூப் துண்டையும் கொண்டு செய்துகொள்ளலாம். பழைய மீன்வலையைக் கம்பங்களுக்கு இடையே கட்டினால் அடிக்கும் வலை ஆகிவிடும். தலைக்கவசத்துக்கு மட்டும் மாற்று இல்லை. விரைந்து எறியப்படும் பந்தை எதிர்கொள்ளும் எந்தப் பிள்ளைக்கும் முறையான மட்டையாளர் தலைக்கவசம் கட்டாயம் வேண்டும்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியில் அடிபந்தாட்டம், மென்பந்தாட்டம், துடுப்பாட்டம் உள்ளிட்ட விளையாட்டுகளைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. மென்பந்தாட்டப் போட்டிகளுக்கு ஓக்லகோமா நகர் தெரிவு செய்யப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* மென்பந்தாட்டம்
* அடிபந்தாட்டம்
* துடுப்பாட்டம்
* எல்லே
* உயிர்விசையியல்
* கோண உந்தம்